முட்டுச்சந்துக்கு வந்த ரவுண்டு

மழை விட்ட மூன்றாம் நாள், தெருவிளக்கு வழக்கம்போல் அணைந்து கிடந்த ஒரு திங்கட்கிழமை இரவில், கிணற்று உறையொன்றை யாரோ கல் தரையில் மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு வருவதுபோல் ஒரு சத்தம் பெரிய ரோட்டில் கிளம்பி, ரேஷன் கடையைத் தாண்டி, கோயில் மதிலை ஒட்டித் திரும்பி, சவேரியார் குறுக்குத்தெருவுக்குள் நுழைந்து, பதினொன்றாம் நம்பர் வீட்டு வாசலுக்கு நேராக வந்து பெருமூச்சு விட்டு நின்றதை, தூங்காமல் கிடந்த ஜெனிட்டா மட்டும்தான் முதலிலிருந்து கடைசிவரை கேட்டாள்.

அவளுக்கு இருபத்துமூன்று வயது. கல்யாணத்துக்கு இரண்டு மாதமும் பிரசவத்துக்கு இருபது நாளும் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி கப்பலேறிப் போய்விட்ட லியோனுக்குப் பெண்டாட்டி, நாலு மாதம் தாண்டிய கிளாராவுக்குத் தாய், மற்றபடி பல்லியின் சத்தத்துக்கும் பயப்படுகிறவள். பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு, கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த செபங்களையெல்லாம் இங்கிலீஷில் ஒருமுறையும், அது போதாதோ என்று தமிழில் ஒருமுறையும் சொல்லி முடிக்கும்போது விடிந்துவிட்டது.

விடிந்து பார்த்தால் வாசலில் ரவுண்டானா நின்றது.

பைபாஸ் விலக்கில் இத்தனை காலம் லாரிகளைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்த அதே ரவுண்டானாதான். கறுப்பும் மஞ்சளும் பட்டையடித்த இரண்டடிச் சுவர், உள்ளே காய்ந்த புல், தண்ணீரைக் கண்டிராத நீரூற்று, உச்சியில் கண்சிமிட்டும் மஞ்சள் விளக்கு. சவேரியார் குறுக்குத்தெருவோ பதிமூன்று வீடுள்ள முட்டுச்சந்து. உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் பின்சுவரில் போய் முட்டி நின்றுவிடும், எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒன்று இறங்கி நிற்கவேண்டும். அதற்குள் இவ்வளவு பெரிய வட்டம் எப்படி அடங்கியது என்று யாரும் கேட்கவில்லை. வீடுகள் தங்களுக்குள் கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்திருந்தன.

பக்கத்துப் பத்தாம் நம்பர் பவுனுத்தாய் சாணித் தண்ணி வாளியோடு வந்து நின்று மேலும் கீழும் பார்த்தாள். "ஏட்டி ஜெனி, நீ எழுதிப்போட்ட ரவுண்டு வந்துட்டு பாத்தியா?" என்றாள்.

நடந்தது இதுதான். போன மாதம் ஆறாம் நம்பர் வீட்டில் தண்ணி மோட்டாரை எவனோ கழற்றிக்கொண்டு போனபோது தெருவே கூடி நின்று, இந்தப் பக்கம் ரவுண்டே வர மாட்டேங்கான், ரவுண்டு வந்தா கள்ளன் வருவானா, வாரத்துக்கு ஒரு ரவுண்டாவது வரவேண்டாமா என்று பேசியது. அந்தத் தெருவில் முன்னே பின்னே எதுவும் சேர்க்காமல் ரவுண்டு என்று சொன்னால் அது போலீஸ் ரவுண்டுதான். தமிழில் எழுதினால் ஆபீஸில் மதிக்க மாட்டான், கான்வென்ட் பிள்ளை இருக்கும்போது நமக்கென்ன குறை என்று பேப்பரை ஜெனிட்டா கையில் கொடுத்தார்கள். தமிழில் பேசினால் இரண்டு ரூபாய் அபராதம் போட்ட பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் படித்தவள் அவள். ஆனாலும் தெரு என்ன சொன்னதோ அதையே அச்சுப் பிசகாமல், 'கைண்ட்லி சேங்ஷன் ஒன் ரவுண்ட் எவ்ரி வீக்' என்று சாய்வெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். பதிமூன்று வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டார்கள். நகராட்சியிலிருந்து பதிலும் வந்தது. 'தாங்கள் கோரியபடி வாரம் ஒரு ரவுண்டு அனுமதிக்கப்படுகிறது. எவ்வகை ரவுண்டு என்று மனுவில் குறிப்பிடப்படாததால், கையிருப்பில் உள்ளது அனுப்பப்படும்.'

கையிருப்பில் முதலில் இருந்தது ரவுண்டானா.

இரண்டே நாளில் தெரு அதற்குப் பழகிவிட்டது. புளி கடன் வாங்க எதிர்வீட்டுக்குப் போகிறவர்கள்கூட இடப்பக்கமாக முழு வட்டம் சுற்றித்தான் போனார்கள். குறுக்கே நடந்த ஒருத்தியை, மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கும் ஒன்றாம் நம்பர் திரவியம், "இது என்ன வீட்டு முற்றமா, ராங் சைடுல வாரே?" என்று நிறுத்திக் கேட்டார். வண்டியே வராத தெருவில் போக்குவரத்து நெரிசல் மட்டுப்பட்டுவிட்டதாக எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நீரூற்று மேடையில் குகைபோல் ஒரு மாதா கெபி வைப்பதா பிள்ளையார் வைப்பதா என்று ஒரு வாய்ச்சண்டை வந்து, யாரும் விட்டுக்கொடுக்காததால், பவுனுத்தாயின் கோழி அதிலேறி அடைகாக்க உட்கார்ந்துகொண்டது. கோழிக்கு மதம் இல்லை என்பதால் சண்டை அதோடு தீர்ந்தது.

அடுத்த திங்கட்கிழமை டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர், பின்னால் நான்கு நர்ஸ், அவர்களுக்குப் பின்னால் குறிப்பெடுத்துக்கொண்டு பதினோரு மாணவர்கள். காலை பத்து மணிக்கு வீடு வீடாக நுழைந்து, அடுக்களைச் சுவரில் தொங்கிய காலண்டரைத் தூக்கிப் பார்த்து, "நைட் தூங்கினாங்களா? மோஷன் போச்சா?" என்று பொதுவாகக் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். யாருக்கும் சீக்கில்லை. இருந்தாலும் புதன்கிழமைக்குள் ஆம்பிளைகள் எல்லாரும் பத்து மணிக்குப் பாயில் மல்லாந்து படுத்து, கழுத்துவரை போர்த்தி, மரியாதையாகக் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

மூன்றாவது திங்கட்கிழமை கைத்தட்டல் வந்தது, இங்கிலீஷில் அதற்கும் ரவுண்டு என்றுதான் பெயராம். வாசலைத் தாண்டிக் கால் வைத்ததும், குப்பை கொட்டப் போனாலும் கோலம் போடப் போனாலும், நிறைந்த அரங்கம் எழுந்து நின்று தட்டுவதுபோல் காற்றில் ஒரு கரகோஷம் எழுந்து அடங்கும். திரவியம் அன்றைக்கு மட்டும் எட்டுத் தடவை வெளியே போய் வந்தார். அந்த வாரம் முடிந்து கைத்தட்டல் நின்றபோது, "ஒரு கைத்தட்டு இல்லாம இந்தக் குடத்த எப்படித் தூக்குறது?" என்று பெண்கள் குழாயடியில் சலித்துக்கொண்டார்கள். நான்காவது வாரம் தெருவிலுள்ள எல்லா ஜாக்கெட்டும் சட்டையும் இரவோடிரவாக ரவுண்டு கழுத்தாயின. பங்குச் சாமியாரின் அங்கிகூடத் தப்பவில்லை, துவைக்க இந்தத் தெருவுக்குத்தான் வந்திருந்தது. ஐந்தாவது வாரம் தட்டில் பிராந்தி கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஒரு ரவுண்டு வந்தது. அரசாங்கம் கொடுப்பதை மறுத்தால் அது கலகமாகும் என்று, கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். ஆறாவது வாரம் முன்பின் தெரியாத ஏழு இளவட்டங்கள் வந்து, வெளியே தலைகாட்டுகிற ஆளை ரவுண்டு கட்டிக் கலாய்த்துவிட்டு, ஐந்தே முக்காலுக்கு ஆபீஸ் ஊழியர்கள்போல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

தெரு சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அடுத்து என்ன ரவுண்டு வரும் என்று பந்தயம் வைத்தார்கள். "கான்வென்ட்டு, உன் புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு, சொல்லு" என்று அவளைக் கேட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் பாட்டு ஒப்பித்ததற்குப் பரிசாகக் கிடைத்த இங்கிலீஷ் அகராதியில் அந்த ஒரு சொல் இரண்டரைப் பத்தியை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஜெனிட்டா பாதியைப் படித்துச் சொல்வாள். மீதியைச் சொல்ல மாட்டாள். மீதியில் துப்பாக்கி இருந்தது. கூட்டத்தைக் கலைக்க வானத்தை நோக்கி மூன்று ரவுண்டு சுட்டனர் என்று பேப்பரில் போடுகிறார்களே, அந்த ரவுண்டு. ஆபீஸின் கையிருப்பில் அது இல்லாமலா இருக்கும்? நடந்து நடந்து ஒருநாள் அது வரும், வந்தால் வாசலை மட்டும் பார்த்துச் சுடுமா, தொட்டிலைப் பார்த்துச் சுடுமா? அவள் ஜன்னலுக்கு மெத்தையைக் கட்டினாள். தொட்டிலை இரும்பு பீரோவுக்குப் பின்னால் மாற்றினாள். ரவுண்டு போதும், நிறுத்திவிடுங்கள் என்று இன்னொரு மனு எழுதினாள், இந்த முறை சுத்தத் தமிழில். 'தங்கள் கோப்பு சுற்றில் உள்ளது' என்று பதில் வந்தது.

ஏழாவது திங்கட்கிழமை காலை பத்தரைக்குத் துணிப்பை, டிபன் கேரியர், காதில் சொருகிய பென்சில் இவற்றோடு ஒரு மனிதர் வந்து ரவுண்டானாவை ஒழுங்காகச் சுற்றி நின்றபோது, அவர் கையில் துப்பாக்கி இல்லை என்பதைப் பார்த்த ஜெனிட்டா சந்தோஷத்தில் சிரித்தே விட்டாள், ஒரு செம்பு மோரும் கொடுத்தாள். அவர் பெயர் சிகாமணி. மோரை அண்ணாந்து குடித்து, மீசையைத் துடைத்துவிட்டு, தாம் ரவுண்ட் ஆஃப் பண்ண வந்திருப்பதாகச் சொன்னார்.

"எதை சார்?"

"வயசைத்தாம்மா. பெரியவங்களுக்குப் பத்துப் பத்தா. பத்து வயசுக்குக் கீழ உள்ளதுகளுக்கு வருஷ வருஷமா. பாதிக்குக் கீழ இருந்தா இறக்கம், பாதியும் அதுக்கு மேலயும் ஏத்தம். உங்களுக்குத் தெரியாததா, நாலாங்கிளாஸ் கணக்குதானே. ஒரு நாளைக்கு ரெண்டு வீடு, கதவு நம்பர் வரிசையா."

அகராதியில் அதுவும் இருந்தது. இரண்டாம் பத்தியின் அடியில், சின்ன எழுத்தில். துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதை அவள் தாண்டிப் போயிருந்தாள். இடுப்பில் இருந்த கிளாராவைப் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்கு ஐந்து மாதமும் இருபது நாளும். பதினொன்றாம் நம்பருக்கு முறை வருவது அடுத்த திங்கட்கிழமை. அன்றைக்கு ஐந்து மாதமும் இருபத்தேழு நாளும். பாதி வருஷத்துக்கு மூன்று நாள் குறையும்.

"ஒரு வயசுக்குள்ள உள்ளது, பாதிகூட ஆகலேன்னா சார்?"

"பூஜ்யம்," என்றார் சிகாமணி, செம்பைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே.

பூஜ்யம் என்றால் என்ன ஆகும் என்று கேட்காமலே அவள் செம்பை வாங்கிக்கொண்டு பிள்ளையோடு உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் தெருவில் திருவிழாதான். ஐம்பத்தொன்பது வயதுத் திரவியம் அறுபதாகி அந்த நிமிஷமே ரிட்டயர் ஆகி, ஒரு வருஷச் சம்பளம் போச்சே என்று புலம்பிக்கொண்டு திரிந்தார். இரண்டாம் நம்பர் தையல்காரர் ஜெபமணிக்கு ஐம்பத்துநாலு வருஷம் எட்டு மாதம். சிகாமணி ஐம்பது என்று எழுதி முடிப்பதற்குள், ஜெபமணி கண்ணாடியைக் கழற்றி மிஷின்மேல் வைத்துவிட்டு, ஊசிக் காதில் ஒரே குத்தில் நூலைக் கோத்து, கோத்ததைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டப் போனார். ஐந்தாம் நம்பரில் முன்னெற்றி மயிர் திரும்ப வந்தது, எட்டாம் நம்பரில் ஒருத்தருக்குப் போன பல் முளைத்தது. வயது ஏறினவர்கள் இரண்டு பேர்தான். அவர்களுக்குத் தெருவில் பெரியவர்கள் என்ற மரியாதை கிடைத்ததால் அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை பத்தாம் நம்பருக்கு முறை. பவுனுத்தாய்க்கு நாற்பத்துநாலு வருஷமும் ஐந்து மாதமும். நாற்பது ஆனதும் அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காமல் சும்மா எழுந்து நின்றாள். திரும்பவும் உட்கார்ந்தாள், திரும்பவும் எழுந்தாள். "ஏட்டி, வலிக்கல! நாலு வருஷமா ராத்திரி காலைத் தொங்கப்போட்டுத் தூங்குதேன்ட்டி, இப்போ வலிக்கல!" என்று ஜெனிட்டாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கிளாரா பிறந்த நாளிலிருந்து அவளைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிடுவது அந்த முட்டிகள்தான். ஜெனிட்டாவும் சேர்ந்து அழுதாள்.

சிகாமணி அடுத்த வரிக்குப் போனார். "கோழி, ஒண்ணே முக்கால் வயசு. ரெண்டு. குஞ்சு நாலு, இருபது நாள் வயசு." பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டார்.

நீரூற்று மேடையில் கோழியின் இறக்கைக்கடியில் கீச்சுக்கீச்சென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கோழி எழுந்து, உடம்பைச் சிலிர்த்து, கீழே குதித்து, அரிசிக் குருணையைக் கொத்தத் தொடங்கியது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பருந்து நிழல் பட்டாலே தெருவை ரெண்டாக்குகிற கோழி அது.

"அக்கா, குஞ்செல்லாம் எங்க?" என்றாள் ஜெனிட்டா.

"எந்தக் குஞ்சு?" என்றாள் பவுனுத்தாய், முட்டியை மடக்கி நீட்டிக்கொண்டே.

ஜெபமணி ரவுண்டானாச் சுவரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த வீட்டுக்காரங்களுக்குத்தாம்மா ஞாபகம் இருக்காது. நமக்கு இருக்கும்," என்றார். "குடுத்து வச்ச கோழி."

அன்றைக்குச் சாயந்தரம் சிகாமணி பையைக் கட்டும்போது ஜெனிட்டா அவர் முன்னால் போய் நின்றாள். ஊருக்குப் போய்விடலாமா என்றுதான் முதலில் கேட்டாள். போகலாம், ஆனால் நேரில் இல்லாதவர்கள் எத்தனை வயசானாலும் பூஜ்யம்தான் என்றார். கதவைச் சாத்திக்கொண்டால் என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிந்து, பார்க்காமல் எழுதுவது குற்றம், காத்திருக்கத்தான் வேண்டும் என்றார். "ஆனா பதிமூணாம் நம்பர் முடிஞ்சாத்தாம்மா தெருவுக்கே சீல் விழும். அதுவரைக்கும் எல்லாம் பென்சில்லதான் இருக்கும், அழிஞ்சா பழைய வயசுதான். பென்சிலை எவ்வளவு நாள் நம்புறது?" சொல்லிவிட்டு, சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் ஜெனிட்டாவைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. "சார், பத்து மாசம் சுமந்தேனே. அது கணக்கில்லையா?"

சிகாமணி பையைக் கீழே வைத்தார். பென்சிலை எடுத்துக் கன்னத்தில் தட்டினார். பத்து மாதம் ஒரு உயிர் எங்கே இருந்தது என்று கேட்டால் அதற்கு ஆபீஸில் பதில் கிடையாது என்பதை ஒத்துக்கொண்டார். அதைச் சேர்த்தால் பிள்ளைக்கு ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது, இறக்கினாலும் ஒன்று நிற்கும். "சேர்க்க விதியில இடமிருக்கு. ஆனா ஒரு பிள்ளைக்குச் சேர்த்துட்டு மத்தவங்களுக்குச் சேர்க்காம விட முடியாது. எல்லாரையும்தான் ஒரு தாய் சுமந்தா. முடிஞ்ச பத்து வீடும் சம்மதம்னு எழுதி வாங்கிக்கிட்டு வாங்க."

சனிக்கிழமை காலையில் ஜெனிட்டா பிள்ளையை இடுப்பிலும் பேப்பரைக் கையிலும் வைத்துக்கொண்டு கிளம்பினாள். திரவியம் அவள் சொல்லி முடிக்குமுன் கையெழுத்துப் போட்டார். "எனக்குக் கூட்டினாலும் அறுபது, குறைச்சாலும் அறுபது. போடு."

ஜெபமணி பேப்பரைக் கையில் வாங்கி, தூரத்திலும் கிட்டத்திலும் பிடித்துப் படித்தார். படிக்க முடிகிற சந்தோஷம் முகத்தில் வந்து, கணக்குப் புரிந்ததும் போனது. பத்து மாதம் சேர்ந்தால் அவருக்கு ஐம்பத்தைந்தரை. அப்புறம் அறுபது.

"அறுபதுக் கண்ணு எப்படி இருக்கும்னு தெரியலையேம்மா," என்றார். "அம்பத்துநாலுக்கே பட்டன் ஓட்டையைத் தடவித்தான் தைச்சேன். நீ எனக்குப் பிள்ளை மாதிரி. உன் பிள்ளைக்கு ஒரு கவுன் தைச்சுத் தாரேன். காசு வேண்டாம்."

"கவுனை யாருக்குப் போட மாமா?"

ஜெபமணி மிஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றினார்.

மயிர் முளைத்தவர் போடவில்லை. பல் முளைத்தவர், வீட்டில் கலந்து பேசவேண்டும் என்றார், வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார். மூன்றாம் நம்பரில் வாசலிலேயே காப்பி கொடுத்து, பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி முத்தி, பேப்பரைத் தொடாமலே திருப்பியனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு பேப்பரில் மூன்று கையெழுத்து இருந்தது. நாலாவது நிச்சயம் என்று அவள் கடைசிக்கு வைத்திருந்த வீட்டுக்குப் போனாள்.

பவுனுத்தாய் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. ஜெனிட்டாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு நாப்பத்தஞ்சே கால் ஆயிருமாம், திரவியம் அண்ணன் சொன்னாவ," என்றாள், மீனைப் பார்த்தபடி. "அப்புறம் அம்பதுன்னு எழுதிருவாராம்."

"அக்கா..."

"நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்குதேன்ட்டி. அம்பது வயசு முட்டிய வச்சுக்கிட்டு எப்படிக் குந்துவேன்? நீ சொல்லு. உனக்குன்னா கப்பல்லேருந்து பணம் வருது." செதில் தெறித்த கையால் மூக்கைத் துடைத்தாள். "அதுவும் உனக்கு ஒண்ணுமே தெரியாதுட்டி. வலிக்காது. என் கோழியப் பாரு, முட்டை போட ஆரம்பிச்சிட்டு. எல்லாரும் சொல்லுதாவ, எனக்கு நாலு குஞ்சு இருந்துச்சாம். எனக்கா? நான் அழுதேனா, சொல்லு?"

கிளாரா அவள் குரலைக் கேட்டு, எண்ணெய்க் குளியல் என்று நினைத்து, அவளை நோக்கிக் கையை நீட்டிச் சிரித்தது. பவுனுத்தாய் கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்றிரவு ஜெனிட்டா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து எழுதினாள். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், பெயர் கிளாரா, வலது காதுக்குப் பின்னால் மச்சம், தாலாட்டில் 'கண்ணே' வரும் இடத்தில்தான் தூங்குவாள், பால் குடிக்கும்போது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வாள். ஆனால் குஞ்சு போனபின் கோழியிடம் இப்படி ஒரு நோட்டைக் காட்டியிருந்தால் அது என்ன செய்திருக்கும்? கொத்திப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். இருந்தாலும் நிறுத்தாமல் எழுதினாள். கதவைச் சாத்திக்கொண்டால் மூன்று நாள்தான், வியாழக்கிழமை பிள்ளைக்கு ஆறு மாதம். ஆனால் வெளியே இருப்பவர்கள் யார்? பிரசவ வலி வந்த ராத்திரி ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனவர்கள். அவர்களுடைய கண்ணையும் முட்டியையும் பென்சிலில் தொங்கவிட்டுவிட்டு, பிறகு இந்தத் தெருவில் எப்படிக் குடியிருப்பது? காலையில் எடுத்துச் சொல்லிப் பார்ப்போம், மனுஷர்தானே என்று முடிவு பண்ணி, பக்கம் தீர்ந்ததும் அட்டையிலும் எழுதிவிட்டுப் படுத்தாள்.

திங்கட்கிழமை பத்தரைக்குத் தெரு முழுக்க அவள் வாசலில் நின்றது. துக்க வீட்டில் நிற்பதுபோல் கை கட்டி, நல்ல உடுப்பு உடுத்தி நின்றார்கள். யாரோ சிகாமணிக்கு நாற்காலிகூடக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஜெனிட்டா பிள்ளையை இடுக்கிக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். மூன்று நாள் பொறுக்கச் சொல்வதற்கு அவள் வாயெடுக்கும்போதே சிகாமணி பேரேட்டைத் திறந்துவிட்டார்.

"பிள்ளை கடைசியிலதாம்மா. வரிசைப்படி போவோம். குடும்பத் தலைவர் பேரு?"

"லியோன்."

"வயசு?"

"முப்பத்தொண்ணு. கப்பல்ல இருக்காங்க சார். ஏப்ரல்ல வருவாங்க."

"அப்போ வீட்டுல இல்லை," என்றார் சிகாமணி வருத்தத்தோடு. குனிந்து, பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டார்.

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். எதற்கு என்று ஜெனிட்டாவுக்குப் புரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பிள்ளை பாலுக்கு முனகியது. அவள் சொல்ல வந்ததைச் சொல்லத் திரும்பியபோது, திறந்திருந்த கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு சட்டை தொங்குவது கண்ணில் பட்டது. நீலச் சட்டை, பெரிய அளவு, ஆம்பிளைச் சட்டை. இடதுபக்கப் பையில் டீசல் கறை. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது யார் சட்டை?" என்றாள். "அக்கா, இது யாரோடது? என் வீட்டுல எப்படி வந்துச்சு?"

ஜெபமணி குனிந்து தரையைப் பார்த்தார். அந்தச் சட்டையை அவர்தான் தைத்திருந்தார். பவுனுத்தாய் முன்னால் வந்து, நிலைப்படியில் ஒரு காலை வைத்து, அன்போடு அவள் தோளைத் தொட்டாள்.

"பாத்தியாட்டி," என்றாள். "வலிக்கலல்லா?"

ஜெனிட்டா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தை, ஒவ்வொரு முகமாக. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை. நெஞ்சுக்குள் தேடினாள். அங்கே ஒன்றும் காணாமல் போயிருக்கவில்லை, எல்லாம் துடைத்த தட்டுப்போல் சுத்தமாக இருந்தது, பசிகூட எடுத்தது.

"அடுத்தது நீங்கம்மா, இருபத்துமூணு, இருபதுன்னு போட்டுடறேன்," என்று சிகாமணி பக்கத்தைப் புரட்டினார். "அப்புறம் பாப்பாவை இந்தப் பக்கம் காட்டுங்க."

அவள் பின்னால் ஓரடி வைத்தாள். பவுனுத்தாயின் காலை நிலைப்படியிலிருந்து தன் காலால் தள்ளினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மூத்தவளைக் காலால் தொட்டாள், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. "ஏட்டி, எங்களையும் நினைச்சுப் பாருட்டி!" என்று பவுனுத்தாய் கத்துவதும், நாற்காலி சாய்வதும், பத்துப் பதினைந்து கைகள் கதவுப் பலகையில் வந்து பதிவதும் கேட்டது. ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் அந்நியச் சட்டையுமாக ஜெனிட்டா கதவை முதுகால் தள்ளிச் சாத்தி, தோளை முட்டுக்கொடுத்து, எட்டாத மேல்தாழ்ப்பாளை எக்கி எக்கி, மூன்றாவது எக்கில் உள்ளிருந்து போட்டாள்.